‘மாப்ள’ என்று கூப்பிடும் இடத்தில் கேமராவை வையுங்கள்

கேள்வி: எனக்கு 38 வயது. சொந்த ஊர் மன்னார்குடி, வேலை சென்னையில். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன் இப்போது எங்கள் ஊரில் போர்டு ஆர்டிஸ்ட். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு பிரஷ் பிடித்தவன். கடை போர்டு, சுவர் விளம்பரம், லாரி, தேர்தல் சுவர் எல்லாம் எழுதியிருக்கிறான். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு வேலை குறைந்துபோய், பாதி நாள் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் கம்ப்யூட்டரில் டிசைன் செய்கிறான். அவனைப் பற்றி 10 நிமிட ஆவணப்படம் எடுக்க ஆசை. மூன்று வார இறுதிகளில் ஊருக்குப் போய் போனிலேயே 6 மணி நேரம் எடுத்துவிட்டேன். போட்டுப் பார்த்தால் செய்திச் சேனல் பேட்டி மாதிரி இருக்கிறது. அதில் இருப்பது என் நண்பனே இல்லை. நல்ல கேமரா வாடகைக்கு எடுக்க வேண்டுமா? அழிந்துவரும் கலை பற்றிய படத்தில் ஃப்ளெக்ஸ் கடையைக் காட்டினால் உருக்கம் குறைந்துவிடாதா? இன்னொன்று, அவன் சில வருடங்கள் குடியில் விழுந்து மீண்டவன். அதைச் சொன்னால் படத்துக்குக் கனம் கூடும் என்று நினைக்கிறேன். அவனுக்கு ஆட்சேபணை இல்லை. அவன் மனைவி வேண்டாம் என்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: தம்பி, நீங்கள் அனுப்பிய 20 நிமிடத் துண்டுகளை இரண்டு தடவை பார்த்தேன். முதல் 15 நிமிடங்களைப் பற்றி நீங்கள் சொன்னது சரிதான். சுவரை முதுகுக்குப் பின்னால் வைத்து நண்பரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்திருக்கிறீர்கள். “நீங்கள் எப்போது இந்தத் துறைக்கு வந்தீர்கள்?” என்று கேட்கிறீர்கள். அவரும் முதுகை நிமிர்த்திக்கொண்டு, “2003ஆம் ஆண்டிலிருந்து இத்துறையில் பயணித்து வருகிறேன்” என்கிறார். தன் வாழ்க்கையில் அவர் அதற்கு முன்பு ‘பயணித்து வருகிறேன்’ என்று ஒரு தடவையாவது சொல்லியிருப்பாரா? உங்களைத்தான் அவர் எப்போதாவது ‘சார்’ என்று கூப்பிட்டிருப்பாரா? நடுவில் ஓர் இடத்தில் கூப்பிடுகிறார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஆனால் கடைசித் துண்டில் ஒரு விஷயம் இருக்கிறது. நீங்கள் அதைக் குப்பையோடு சேர்த்து அனுப்பியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பதிவை நிறுத்த மறந்துபோய் போனை எதன்மேலோ சாய்த்து வைத்திருக்கிறீர்கள். படம் கோணல். பாதிப் படத்தை வண்டியின் ஹேண்டில் மறைக்கிறது. அதில் அவர், “மாப்ள, அந்த ஸ்க்ரூடிரைவர எடு, மூடி ஒட்டிக்கிச்சு” என்கிறார். எனாமல் டப்பாவைத் திறக்கிறார். ஒரு பழைய செய்தித்தாளில் பிரஷ்ஷால் மூன்று கோடு இழுத்துப் பார்க்கிறார். அப்புறம் போர்டு எழுதச் சொல்லி ஒரு சமையல்காரர் கொடுத்துவிட்டுப் போன தாளைக் கையில் எடுத்து, ‘சுப விஷேசங்களுக்கு’ என்று எழுதியிருப்பதை வாய்விட்டுப் படித்து, “விசேஷம்டா, விஷேசம் இல்ல” என்று யாரிடமோ சொல்வதுபோல் சொல்லிவிட்டு, தகரத்தில் சரியாக எழுதுகிறார். “அவர்ட்ட கேக்க வேணாமா?” என்று உங்கள் குரல் கேட்கிறது. “தப்பா எழுதுனா பேரு யாருக்குக் கெடும், அவருக்கா? கீழ மூலையில நம்ம பேருல்ல இருக்கு” என்கிறார்.

மொத்தம் ஒரு நிமிடம்கூட இருக்காது. உங்கள் படம் அங்கேதான் தொடங்குகிறது. பத்தாவதோடு பள்ளியை விட்ட ஒருவர், யாரையும் கேட்காமல், யாரிடமும் சொல்லாமல், ஊருடைய எழுத்துப் பிழைகளை இருபது வருடமாகத் திருத்திக்கொண்டிருக்கிறார். இது உங்களுக்குத் தெரியுமா? தெரிந்திருந்தால் கடிதத்தில் எழுதியிருப்பீர்கள். அவருக்குமே இது சொல்லிக்கொள்ளும்படியான விஷயமாகத் தோன்றியிருக்காது, அதனால்தான் ஆறு மணி நேரப் பேட்டியில் வரவில்லை.

நண்பனைப் படம் எடுப்பதில் இருக்கிற சிக்கலே இதுதான். பதில் தெரிந்த கேள்விகளையே கேட்போம். எப்போது ஆரம்பித்தான், யாரிடம் கற்றான், ஃப்ளெக்ஸ் வந்து எப்படி அடிபட்டான் என்பதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். அவருக்கும் அது தெரியும். தெரிந்தவனிடம் தெரிந்ததையே திருப்பிச் சொல்லச் சொன்னால் எந்த மனிதனும் நடிக்கத்தான் செய்வான். கேமராவைப் பார்த்து வருகிற கூச்சத்தைவிட இந்தக் கூச்சம் பெரியது.

அதனால் ஒரு நாள் கேமராவைத் தொடாமல் உட்கார்ந்து, அவரைப் பற்றி உங்களுக்குத் தெரியாதவற்றை எழுதுங்கள். நான் பார்த்தவரையில் எனக்கே சில கேள்விகள் இருக்கின்றன. காலையில் கடைத்தெருவில் நடந்து போகும்போது தான் எழுதிய போர்டுகளை நிமிர்ந்து பார்ப்பாரா, பார்க்காமல் போவாரா? தான் எழுதிய சுவரின் மேல் இன்னொருவர் எழுதும்போது என்ன செய்வார்? தேர்தல் வந்தால் சுவர்களில் கட்சிக்காரர்கள் முன்கூட்டியே பெயர் போட்டு இடம் பிடித்துவைப்பார்கள். அந்த இடம்பிடிப்பை எழுதும் கூலி யாருக்குப் போகிறது? கடன் சொல்லிவிட்டுப் போன கடையின் போர்டை தினமும் பார்த்துக்கொண்டு போவது எப்படி இருக்கும்? ‘ழ’ எழுதுவது பிடிக்குமா, ‘ஞ’ எழுதுவது பிடிக்குமா? இந்தக் கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். எழுத்தே தொழிலாக இருப்பவரிடம் எழுத்தைப் பற்றிப் பேசினால் கதவு தானாகத் திறக்கும்.

கேட்பதையும் நாற்காலியில் உட்காரவைத்துக் கேட்காதீர்கள். அவர் கை வேலையில் இருக்கும்போது கேளுங்கள். கைக்கு வேலை இருந்தால் வாய்க்கு மேடை பயம் போய்விடும். ஆனால் ஒரு கணக்கு இருக்கிறது. வளைவு எழுத்துக்கு வெளிக்கோடு இழுக்கும்போது அவர் மூச்சையே அடக்கிக்கொண்டிருப்பார், அப்போது வாயைத் திறக்காதீர்கள். உள்ளே வண்ணம் நிரப்பும்போது கேளுங்கள். பதில் சொல்லி முடித்ததும் அடுத்த கேள்விக்குத் தாவாமல் மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். பெரும்பாலும் நல்ல வாக்கியம் அந்த மௌனத்துக்குப் பிறகுதான் வரும். உங்கள் பதிவில் ஆறு இடங்களில் அவர் மூச்சை இழுத்து எதையோ தொடங்கப் போகிறார். ஆறு இடத்திலும் நீங்கள் குறுக்கே விழுந்திருக்கிறீர்கள்.

உங்கள் குரலை வெட்டி எடுக்க வேண்டாம். ‘கேள்வி கேட்பவர் குரல் வரக் கூடாது, பதிலிலேயே கேள்வியையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்’ என்று இணையத்தில் பாடம் நடத்துவார்கள். செய்திப் படத்துக்கு அது சரி. இது நண்பனைப் பற்றி நண்பன் எடுக்கும் படம். அவர் ‘மாப்ள’ என்றால் பார்க்கிறவர்களுக்கு யாரை என்று தெரிய வேண்டாமா? ஒரு ஓரத்தில் உங்கள் கை வந்து ஸ்க்ரூடிரைவரை நீட்டினால் அதுவே அறிமுகம். நீங்கள் பத்தி பத்தியாக எழுதிவைத்திருக்கிற பின்னணிக் குரலுக்குத் தேவையே இருக்காது. (“காலச்சக்கரத்தின் சுழற்சியில்...” என்று தொடங்குகிறதே, அதைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.)

சரி, ஃப்ளெக்ஸ் கடைக்கு வருவோம்.

‘அழிந்துவரும் கலை’ என்ற சொல்லைக் கடிதத்தில் மூன்று தடவை எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்தான் உங்கள் கண்ணை மறைக்கிறது என்பேன். கலை அழிகிற கதையை ஏற்கெனவே முடிவுசெய்துகொண்டு, அதற்குள் நண்பரை ஒரு சின்னமாக நிறுத்தப் பார்க்கிறீர்கள். தறி, பொம்மலாட்டம், பனையேறி, இப்போது போர்டு. இருபது வருடமாக நான் பார்க்கும் மாணவர் படங்களில் பாதி இந்த அச்சில்தான் வருகின்றன. ஒரு முதியவர், ஒரு மாலைச் சூரியன், ஒரு புல்லாங்குழல். உங்களிடம் இருப்பவர் 38 வயது ஆள். காலையில் பிரஷ், மதியத்துக்கு மேல் மவுஸ். இந்த இரண்டுக்கும் நடுவில் சைக்கிளோ வண்டியோ மிதித்துப் போய்வரும் மனிதர். அதில் பாதியை மறைத்துவிட்டால் படத்தில் இருக்கப்போவது பாதி மனிதர்.

இந்தத் தப்பு ஆவணப்படத்தின் வரலாற்றில் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. 1922இல் ராபர்ட் ஃப்ளாஹெர்ட்டி எடுத்த ‘நானூக் ஆஃப் த நார்த்’ என்ற படம். கனடாவின் வடக்கே ஹட்சன் வளைகுடாப் பகுதியில், இன்யூட் மக்களைப் பற்றி எடுத்தது. நாயகனின் உண்மைப் பெயர் நானூக் இல்லை, அல்லாகரியல்லாக். அந்தக் காலத்திலேயே அந்த மக்களிடம் துப்பாக்கி புழக்கத்துக்கு வந்துவிட்டது. படத்தில் ஈட்டி எறிகிறார்கள். பனிவீட்டுக்குள் வெளிச்சம் போதாது என்று, ஒரு பக்கம் திறந்துவிட்ட பெரிய பனிவீட்டைக் கட்டி அதில் தூங்கி எழுவதுபோல் எடுத்தார்கள். படம் அழகு, அதில் சந்தேகமில்லை. ஆனாலும் நூறு வருடமாக அந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் இந்தத் துப்பாக்கி விஷயத்தில் வந்து நிற்கிறார்கள். உங்கள் நண்பரின் துப்பாக்கி அந்த ஃப்ளெக்ஸ் கடை. அதை ஒளித்துவைத்தால் மன்னார்குடியில் படம் பார்க்கும் முதல் ஆளே, “இவருதான நம்ம கடைக்கு ஃப்ளெக்ஸ் அடிச்சுக் குடுத்தாரு” என்பார்.

அதைவிட முக்கியம், படத்தின் கேள்வியே அங்கேதான் கூர்மையாகிறது. தகர போர்டில் ‘விஷேசம்’ என்பதை அவர் திருத்திவிடுகிறார், ஏனென்றால் மூலையில் அவர் பெயர் இருக்கிறது. ஃப்ளெக்ஸில்? வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் வாசகத்தை அனுப்புகிறார், டிசைனைப் பார்த்து ஓகே சொல்கிறார், மூலையில் கடையின் பெயர். பிழையைக் கண்டால் என்ன செய்கிறார்? திருத்துகிறாரா? திருத்தினால் முதலாளி திட்டுவாரா? ‘அவங்க அனுப்பினது அப்படித்தான்’ என்று விட்டுவிடுகிறாரா? விட்டுவிட்டால் அன்று ராத்திரி தூக்கம் வருமா? எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. இதைத் தெரிந்துகொள்ளத்தான் நீங்கள் அடுத்த தடவை ஊருக்குப் போகிறீர்கள். கடை முதலாளியிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். அவரை வில்லனாக்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டு, உண்மையாகவே ஆக்காமல் இருங்கள்.

படத்துக்கு முதுகெலும்பாக ஒரே ஒரு போர்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்டர் வருவதிலிருந்து மாட்டுவதுவரை. தகரத்தைத் தேய்ப்பது, பிரைமர் அடிப்பது, அடிவண்ணம் காய ஒரு ராத்திரி விடுவது, சாக்பீஸ் தடவிய நூலைக் கட்டிச் சுண்டிக் கோடு போடுவது, எழுத்தின் இடத்தைக் கண்ணாலேயே அளப்பது, நிரப்புவது, ஷேடு கொடுப்பது, கடைசியில் மூலையில் பெயரும் போன் நம்பரும். (நம்பரை எடிட்டில் மறைத்துவிடுங்கள்.) இந்த வேலைக்கு இயல்பாகவே ஒரு தொடக்கமும் முடிவும் இருக்கிறது. அடிவண்ணம் காயும் அந்த இடைவெளிக்குள் அவர் வீடு, மதியம் ஃப்ளெக்ஸ் கடை, டீக்கடை எல்லாம் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். பேட்டியை நடுவில் வைத்து அதைச் சுற்றிக் காட்சிகளை ஒட்டினால் வருவது பேச்சுக்கு விளக்கப்படம்தான். வேலையை நடுவில் வையுங்கள், பேச்சு அதன்மேல் வந்து ஒட்டிக்கொள்ளும்.

எடுக்கும்போது அவசரம் வேண்டாம். உங்கள் ஷாட்டுகள் எல்லாம் மூன்று, நான்கு விநாடியில் அசைந்துவிடுகின்றன. போனை ஸ்டாண்டில் வைத்து ஒரு செயல் தொடங்கி முடியும்வரை விடுங்கள். கையை நெருக்கத்தில், முகத்தை நெருக்கத்தில், அப்புறம் தள்ளி நின்று முழு ஆளை, அப்புறம் அவர் எதைப் பார்க்கிறாரோ அதை. கடைசியாகச் சொன்னதை எல்லோரும் மறந்துவிடுவார்கள். எடிட் செய்யும்போது அதற்காகத்தான் அழுவார்கள்.

கேமரா வாடகை வேண்டவே வேண்டாம். பெரிய கேமரா வந்தால் அவர் மறுபடி ‘பயணிக்க’ ஆரம்பித்துவிடுவார். அந்தக் காசில் ஒரு வயர்லெஸ் காலர் மைக் வாங்குங்கள், சில ஆயிரத்தில் நல்லதே கிடைக்கிறது. இரண்டு மீட்டர் தள்ளி நிற்கும் போனின் மைக் தெருவைத்தான் கேட்கும், மனிதரை அல்ல. மைக்கை மோவாயிலிருந்து ஒரு சாண் கீழே மாட்டுங்கள். மைக் சட்டையில் உரசாமல் இருக்க ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். கொஞ்சம் கோணலான படத்தை ஜனம் பொறுத்துக்கொள்ளும். காதில் விழாத பேச்சைப் பொறுத்துக்கொள்ளாது. ஒவ்வோர் இடத்திலும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அந்த இடத்தின் ஓசையை மட்டும் பதிவுசெய்துகொள்ளுங்கள். வெட்டிய பேச்சுகளுக்கு நடுவில் விழும் ஓட்டையை அடைக்க அது உதவும். பிரஷ் தகரத்தில் இழுபடும் சத்தத்தை மைக்கைப் பக்கத்தில் கொண்டுபோய்த் தனியாக எடுங்கள். அவர் வீட்டில் எடுக்கும்போது ஃப்ரிட்ஜ் உறுமினால் அணைத்துவிடலாம். அப்படி அணைத்தால் உங்கள் வண்டிச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் போட்டுவையுங்கள். சாவியைத் தேடும்போது ஃப்ரிட்ஜைத் திரும்பப் போட வேண்டும் என்பது நினைவுக்கு வரும். மாவு புளித்துப்போய் அந்தம்மாவிடம் ஏற்கெனவே இருக்கிற கோபம் கூட வேண்டாம்.

ஃப்ளெக்ஸ் கடையில் டியூப்லைட்டுக்குக் கீழே எடுத்தால் படத்தில் கறுப்புப் பட்டை ஓடும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், போன்கள் வழக்கமாக விநாடிக்கு 30 படம் எடுக்கும். இரண்டும் ஒத்துப்போகாது. விநாடிக்கு 25 படம், ஷட்டர் வேகம் விநாடியில் 50இல் ஒரு பங்கு என்று வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். போனோடு வரும் செயலியில் அந்த வசதி இல்லாவிட்டால் பிளாக்மேஜிக் கேமரா செயலி இலவசமாகக் கிடைக்கிறது. திரையில் அவர் முகத்தை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிடுங்கள். இல்லையென்றால் பின்னால் ஒரு வெள்ளை வேட்டி நடந்து போகும்போதெல்லாம் முகம் இருட்டும். போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். 4கேயில் எடுத்தால் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 170இலிருந்து 350 எம்பி வரை தின்னும். அன்றன்று ராத்திரியே இரண்டு ஹார்டு டிஸ்க்கில் ஏற்றிவிட்டுத் தூங்குங்கள்.

ஹரித்ராநதி தெப்பக்குளத்தில் சூரியன் உதிப்பதை 40 நிமிடம் எடுத்திருக்கிறீர்கள். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நண்பருக்கும் அந்தக் குளத்துக்கும் என்ன சம்பந்தம்? சத்யஜித் ரே 1976இல் பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியைப் பற்றி ‘பாலா’ எடுத்தார். எவ்வளவு பெரிய இயக்குநர், எவ்வளவு பெரிய கலைஞர்! அதில் ‘கிருஷ்ணா நீ பேகனே’ பதத்தைக் கடற்கரையில் ஆடவைத்திருக்கிறார். காற்றில் சேலை படபடக்கிறது, பின்னால் அலை. பாலம்மாவின் அபிநயம் முகத்திலும் விரலிலும் இருக்க, என் கண் சேலையோடு போராடிக்கொண்டிருக்கும். ரேயையே குறை சொல்கிறான் என்று திட்டுவார்கள், பரவாயில்லை. ஆளுக்காக இடத்தைத் தேடுங்கள், படம் அழகாக இருக்கும் என்பதற்காக அல்ல. உங்கள் நண்பர் அந்தக் குளத்தின் படித்துறையில் உட்கார்ந்து பிரஷ் கழுவுகிறார் என்றால் விஷயமே வேறு.

அதே ரே நான்கு வருடம் முன்பு, 1972இல், ‘தி இன்னர் ஐ’ எடுத்தார். சாந்திநிகேதனில் தனக்குப் பாடம் சொல்லித்தந்த ஓவியர் பினோத் பிஹாரி முகர்ஜியைப் பற்றி. பார்வை முழுக்கப் போன பிறகும் வேலை செய்துகொண்டிருந்தவர். சுமார் 20 நிமிடப் படம், சொல்வது ரேயின் குரலேதான். பார்வை இழந்த ஓவியர் என்றால் நம் ஆட்களுக்கு எப்படிப்பட்ட தீனி! ரே அதை வைத்து அழவைக்கவில்லை. அந்த மனிதரை வேலையோடு காட்டுகிறார். உங்கள் கடைசிக் கேள்விக்கு இதிலேயே பாதி பதில் இருக்கிறது. மீதியை என் கதையாகவே சொல்கிறேன்.

பதினைந்து வருடம் இருக்கும். சிறு ஊர் ஒன்றில் தியேட்டர் ஆபரேட்டராக இருந்த என் நண்பனைப் பற்றி ஒரு படம் எடுத்தேன். ஃபிலிம் போய் டிஜிட்டல் வந்துகொண்டிருந்த சமயம், நானும் உங்களைப் போல ‘அழியும் தொழில்’ மயக்கத்தில்தான் இருந்தேன். அவனுடைய அண்ணன் இறந்த விதம் நண்பன் என்ற முறையில் எனக்குத் தெரியும். புரொஜெக்டர் அறையில் வைத்து, முன்னறிவிப்பு இல்லாமல் அதைக் கேட்டேன். உடைந்துவிட்டான். நான் கேமராவை நிறுத்தவில்லை. படத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் அந்த இடத்தைத்தான் பாராட்டினார்கள். அனுமதிப் படிவத்தில் அவன் கையெழுத்தும் இருந்தது, ஒரு தப்பும் இல்லை. அப்புறம் ஒரு நாள் அந்த ஊரிலேயே திரையிட்டோம். முன்வரிசையில் அவன் அம்மா உட்கார்ந்திருந்தார். அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. தன் பெரிய பையனைப் பற்றி ஊரே உட்கார்ந்து கேட்கப்போகிறது என்று தெரியாமல், பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தார். படம் முடிந்ததும் என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் போனார். நண்பன் இரண்டு வருடம் என் போனை எடுக்கவில்லை. பிறகு அந்தக் காட்சியை வெட்டிவிட்டுத்தான் படத்தைக் காட்டுகிறேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அது இல்லாமல் படம் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

குடியை விட்டவர் உங்கள் நண்பர், உண்மைதான். ஆனால் அந்த வருடங்களை அவர் தனியாகக் கழிக்கவில்லையே. அந்தக் கதையில் பாதி அவர் மனைவியுடையது. அவர் அந்தத் தெருவில் இருக்க வேண்டும், கடையில் அரிசி வாங்க வேண்டும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வேண்டும். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மன்னை எக்ஸ்பிரஸ் ஏறிவிடுவீர்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம், அவ்வளவுதான். சம்மதிக்கவைக்கப் பேசிப் பார்க்கிறேன் என்றும் கிளம்பாதீர்கள். நண்பர் ஆட்சேபணை இல்லை என்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் கேட்டால் அவர் எதற்குத்தான் முடியாது என்பார்?

உங்களிடம்தான் அந்த மூன்று கோடுகள் இருக்கின்றனவே. செய்தித்தாளில் இழுத்துப் பார்க்கிறாரே, அதைச் சொல்கிறேன். பெயிண்ட் சரியாக இறங்குகிறதா என்று எல்லா ஆர்டிஸ்டும் செய்கிற காரியம்தான். ஆனால் அவர் இழுத்துவிட்டு, கோட்டைப் பார்க்காமல் ஒரு கணம் கையைப் பார்க்கிறார். எதற்கு என்று உங்களுக்குத் தெரியும், அந்த அம்மாவுக்குத் தெரியும். மற்றவர்களுக்கு ஒரு வேலைக்காரர் தன் கையைப் பார்க்கிறார், அது போதும். விளக்கம் எதுவும் போடாமல் அதை முழு நீளத்துக்கு வையுங்கள்.

வெட்டி முடித்ததும், யூடியூபுக்கும் திரைப்பட விழாக்களுக்கும் முன்னால், அவர்கள் இருவருக்கும் வீட்டில் வைத்துப் போட்டுக்காட்டுங்கள். கைபேசியில் வேண்டாம், டிவியில் போடுங்கள். மேலே குறை சொன்னேனே, அதே ஃப்ளாஹெர்ட்டி எடுத்த ஃபிலிமை அங்கேயே கழுவி அந்த மக்களுக்கே காட்டிக்கொண்டுதான் எடுத்தார். அந்த நல்ல பழக்கத்தை அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். காட்டும்போது திரையைப் பார்க்காதீர்கள், அவர்கள் முகத்தைப் பாருங்கள். எந்த இடத்தில் அந்த அம்மா தலையைக் குனிகிறாரோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். கையெழுத்து வாங்கும் தாளைத் தமிழில், ஒரே பக்கத்தில் எழுதுங்கள். எங்கெல்லாம் காட்டப்போகிறீர்கள், பணம் வந்தால் யாருக்கு, எதை நீக்கச் சொல்லலாம் என்பது அதில் இருக்கட்டும். ஃப்ளெக்ஸ் கடை முதலாளியிடமும் ஒன்று வாங்கிவிடுங்கள்.

எடிட்டிங்கைப் பற்றித் தனியாக நிறையக் கேட்டிருக்கிறீர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பே தாராளம். ஆனால் அதைத் திறப்பதற்கு முன், இருக்கிற பேச்சையெல்லாம் அவர் பேசியபடியே ஒரு நோட்டில் எழுதுங்கள். சலிப்பான வேலை, குறுக்கு வழி இல்லை. எழுதியதை வெட்டித் தரையில் பரப்பி, வரிசை மாற்றி மாற்றிப் படித்துப் பாருங்கள். 6 மணி நேரத்தில் 10 நிமிடம் என்றால் 36இல் ஒரு பங்கு. புதிதாக எடுத்ததையும் சேர்த்தால் இன்னும் மோசம். முதல் வெட்டு 25 நிமிடம் வரும், அதற்குப் பயப்பட வேண்டாம். ‘பயணித்து வருகிறேன்’ பேட்டியிலிருந்து எனக்குத் தேறியது ஒரே ஒரு இடம்தான். கேள்வி முடிந்து பதில் தொடங்குவதற்குள் அவர் காலரைச் சரிசெய்துகொள்கிறாரே, அது.

பின்னால் ஓடும் எஃப்எம்மை, அவரிடம் கேட்டுக்கொண்டு, பேசும் நேரத்திலாவது அணைத்துவிடுங்கள். வெட்டும் இடத்திலெல்லாம் பாட்டு குதிக்கும். தவிர, மெட்டுக்கு உரிமை இசையமைப்பாளரின் ஆயுள் முழுக்கவும் அதற்குப் பிறகு 60 வருடமும். யூடியூப் நாலு விநாடியில் கண்டுபிடித்துவிடும், விழாக்காரர்கள் உரிமைச் சீட்டு கேட்பார்கள். அவர் வாய்க்குள் முணுமுணுக்கிறாரே, அந்தப் பாட்டும் அந்தக் கணக்கில்தான் வரும் என்று ஒரு வக்கீல் நண்பர் என்னிடம் வாதாடினார். அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நீங்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகத் தலைப்பு. படத்தின் பெயரை அவர் கையாலேயே எழுதவைக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும், எல்லோருக்கும் தோன்றும். செய்யுங்கள், ஆனால் சினேகிதத்துக்கு எழுதித்தரச் சொல்லாதீர்கள். மற்றவர்களிடம் ஒரு போர்டுக்கு என்ன வாங்குகிறாரோ அதையே பேரம் பேசாமல் கொடுங்கள், பாதி முன்பணமாக. வாசகத்தைத் தாளில் எழுதிக் கொடுக்கும்போது வேண்டுமென்றே ஒரு பிழை வைத்துக் கொடுத்து, கேமராவை ஓடவிட்டுப் பார்க்கலாமா என்று எனக்கே ஓர் ஆசை வருகிறது. வேண்டாம், அவர் கண்டுபிடித்துவிடுவார்.